ஒரே அறை, ஒரே ஆசிரியை

இரும் பிள்ளை, தேத்தண்ணியை ஆறவிடாமல் குடியும். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பை எடுக்கச் சொல்லி உம்மைக் கேட்டிருக்கிறார்கள். ஐந்து வயதுக் குழந்தையும் பதின்மூன்று வயதுப் பெடியனும் ஒரே அறையில் இருப்பார்கள், படிப்பிக்க நீர் ஒருத்திதான். இது நடக்கிற காரியமா என்று கேட்கிறீர். நடக்கும். இந்தக் கியூபெக் மாகாணத்தின் நாட்டுப்புறம் முழுவதும் தலைமுறை தலைமுறையாக அப்படித்தான் படித்தது. நம்முடைய ஊர்த் திண்ணைகளிலும் அப்படித்தான் படித்தார்கள். அது எப்படி நடந்தது, நடத்தியவர்கள் அதற்கு என்ன விலை கொடுத்தார்கள் என்று கேட்டுவிட்டுப் பிறகு சம்மதம் சொல்லும்.

நாம் இருக்கிற கர்க்லாண்டிலிருந்தே தொடங்கலாம். நாற்பதாம் நெடுஞ்சாலையையும் கடைத்தொகுதிகளையும் பார்க்கிறவர்களுக்கு இது என்றைக்கும் புறநகராகவே இருந்தது போலத் தோன்றும். 1961வரை இங்கே கர்க்லாண்ட் என்று ஒரு நகரமே இல்லை. புவாந்த்-கிளேர் பங்கைச் சேர்ந்த பண்ணை நிலம் இது. அந்த ஆண்டு நகரமானபோது, தொகுதியின் சட்டமன்ற உறுப்பினராக இருந்த சார்ல்ஸ்-எமே கர்க்லாண்டின் பெயரை வைத்தார்கள். அவர் அதே ஆண்டில் காலமானார். டிசம்பரில் நடந்த இடைத்தேர்தலில் அவருடைய மகள் கிளேர் கர்க்லாண்ட்-கஸ்கிரான் வென்று, கியூபெக் சட்டமன்றத்துக்குத் தெரிவான முதல் பெண் ஆனார். அந்த அம்மாவின் பெயரை மனதில் வைத்திரும், பிறகு தேவைப்படும்.

பழைய கியூபெக்கில் நிலத்தை நம்மூர் வயல்போலச் சதுரம் சதுரமாகப் பிரிக்கவில்லை. ஆற்றிலிருந்தோ வீதியிலிருந்தோ உள்நோக்கி ஓடும் ஒடுங்கிய, மிக நீண்ட துண்டுகளாகப் பிரித்தார்கள். அதனால் ஒவ்வொரு குடும்பத்தின் வீடும் வீதியோரம் அருகருகே வந்தது, வயல் பின்னால் நீண்டு போனது. அப்படி ஒரு வீதியோரம் வரிசையாக அமைந்த பண்ணைகளை ‘ரங்’ என்பார்கள். மொன்றியல் தீவில் அதே ஏற்பாட்டுக்கு ‘கோத்’ என்று பெயர். நம்முடைய சனம் வந்து குடியேறிய கோத்-தே-நேஜும் கோத்-வெர்த்யூவும் அப்படிப்பட்ட பண்ணை வரிசைகளாகத்தான் தொடங்கின.

தேவாலயமும் பெரிய பள்ளியும் கிராம நடுவில் இருக்கும். ரங்கோ அங்கிருந்து மைல் கணக்கில் தள்ளிக் கிடக்கும். பனிக்காலத்தில் ஆறு வயதுக் குழந்தையை அவ்வளவு தூரம் நடக்க விடமுடியாது. ஆகவே ஒவ்வொரு ரங்கிலும் ஒரு சிறு வீடு கட்டினார்கள்: கீழே ஒரு வகுப்பறை, அதன் பக்கத்திலோ மேலேயோ ஆசிரியைக்கு ஓர் அறை. அதுதான் ரங் பள்ளி. வடக்கே அபிதிபியில் ஒத்தியே என்ற ஊரில் 1937இல் கட்டிய ஒன்றை இன்று அருங்காட்சியகமாகப் பேணுகிறார்கள். 1958வரை அதில் பிள்ளைகள் படித்தார்கள். ஒருநாள் வடக்கே போக வாய்த்தால் உள்ளே போய்ப் பாரும்.

இனி உம்முடைய கேள்விக்கு வருகிறேன்.

அறையின் நடுவில் விறகு அடுப்பு. பிள்ளைகள் வரமுதல் அதை மூட்டுவது ஆசிரியையின் வேலை. விறகைப் பெற்றோர் கொண்டுவந்து போட வேண்டும் என்பது ஏற்பாடு, போடாத ஆண்டுகளும் இருந்தன. முதலாம் வகுப்பிலிருந்து ஆறாம், ஏழாம் வகுப்புவரை எல்லாரும் அந்த ஒரே கூரையின் கீழ். ஆசிரியை எல்லாரோடும் ஒரே நேரத்தில் பேசுவதில்லை, அதுதான் முதல் சூட்சுமம். முதலாம் வகுப்புக்காரர் நாலைந்து பேரைத் தன் மேசைக்கு அழைப்பார், வாசிக்கச் சொல்லிக் கேட்பார். அந்தப் பத்து நிமிடமும் இரண்டாம் வகுப்பு சிலேட்டில் எழுதிக்கொண்டிருக்கும், நாலாம் வகுப்பு கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும், பெரியவர்கள் வேதபாடம் மனனம் செய்துகொண்டிருப்பார்கள். பிறகு முதலாம் வகுப்பு எழுதப் போகும், இரண்டாம் வகுப்பு மேசைக்கு வரும். ஆக, ஆசிரியையின் திறமை படிப்பிப்பதில் இருந்ததைவிட, தான் பார்க்காத நேரத்தில் ஒவ்வொரு கூட்டமும் செய்ய வேண்டிய வேலையை முன்கூட்டியே யோசித்து வைப்பதில் இருந்தது. இதை நன்றாகப் பிடித்துக்கொள்ளும். ஒற்றை அறை வகுப்பு குழம்புவது பெரும்பாலும் சும்மா இருக்கிற பிள்ளையால்தான்.

இதில் இன்னொரு நன்மை தானாகவே விளைந்தது. மூன்றாம் வகுப்புப் பிள்ளை தன் வேலையைச் செய்துகொண்டே ஐந்தாம் வகுப்புக்காரர் ஒப்புவிப்பதைக் காதில் வாங்கியது. அடுத்த ஆண்டுப் பாடத்தை ஒருமுறை கேட்டுவிட்டே அந்த வகுப்புக்குப் போனது. பின்தங்கிய பிள்ளையும் யாருக்கும் தெரியாமல் கீழ்வகுப்புப் பாடத்தைத் திரும்பக் கேட்க முடிந்தது. வயதுவாரியாகப் பிரித்த நம்முடைய பெரிய பள்ளிகளில் இந்த வாய்ப்பு இல்லாமற் போனது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

இரண்டாவது சூட்சுமம், மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பது. பெரிய அக்கா ஒருத்தி சின்னவர்களை மூலைக்குக் கூட்டிப்போய் எழுத்து வாசிக்க வைப்பாள். ரங் ஆசிரியைகள் இதை எந்தப் புத்தகத்தையும் பார்த்துச் செய்யவில்லை, வேறு வழியில்லாததால் செய்தார்கள். ஆனால் இதே வழி ஒரு பெரிய கல்வி முறையாக உலகம் சுற்றி மொன்றியலுக்கே வந்து சேர்ந்த கதை ஒன்று உண்டு. அது புறப்பட்ட இடம் சென்னை.

1787இல் அன்ட்ரூ பெல் என்ற ஸ்கொட்லாந்துப் பாதிரியார் சென்னைக்கு வந்தார். எழும்பூரில் படைவீரர்களின் ஆதரவற்ற பிள்ளைகளுக்காக நடந்த விடுதியை 1789இல் பொறுப்பேற்றார். அங்கிருந்த ஆசிரியர்களுக்குப் புதிதாக எதையும் முயன்று பார்க்க மனமில்லை. ஒருநாள் வழியில் ஒரு நாட்டுப் பள்ளிக்கூடத்தைப் பார்த்தார். பிள்ளைகள் தரையில் மணலைப் பரப்பி விரலால் எழுத்து எழுதிக்கொண்டிருந்தார்கள். இதைத் தன் விடுதியிலும் செய்யச் சொன்னார், ஆசிரியர் முடியாது என்றார். பெல் அந்த வகுப்பை ஜோன் ஃப்ரிஸ்கன் என்ற எட்டு வயதுச் சிறுவனிடம் ஒப்படைத்தார். ஒரு சாதாரணப் படைவீரனின் மகன் அவன். ஆசிரியர் முடியாது என்றதை அவன் செய்து காட்டினான். பிறகு மற்ற வகுப்புகளையும் பெல் மூத்த மாணவர்களின் கையில் விட்டார். ஊர் திரும்பி 1797இல் இலண்டனில் இதைப் புத்தகமாக வெளியிட்டார். அது சென்னை முறை என்ற பெயரிலேயே பரவியது.

திண்ணைப் பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கேள்விப்பட்டவர்களுக்கு இதில் புதுமை ஒன்றுமில்லை. அங்கே வாத்தியாருக்கு அடுத்தபடி சட்டாம்பிள்ளை. அவன்தான் பிந்தி வருகிறவனைக் கணக்கெடுப்பான், எண்சுவடி ஒப்புவிக்க வைப்பான், மணலில் சின்னவனின் விரலைப் பிடித்து ‘அ’ எழுத வைப்பான். மணலில் கை பழகிய பிறகுதான் பனையோலையும் எழுத்தாணியும். பல்லாரிக் கலெக்டராக இருந்த கேம்பெல் 1823இல் அனுப்பிய அறிக்கையில், முன்னேறிய மாணவர்கள் பின்தங்கியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் இந்த முறையையும், எழுதப் பழக்குவதில் இருந்த செலவுச் சிக்கனத்தையும் மெச்சினார். இங்கிலாந்து இதைப் பின்பற்றியது தகும் என்றும் எழுதினார்.

அந்தத் திண்ணையைக் கோயிலாக்கிப் பேசவும் எனக்கு மனமில்லை. கோதண்டத்தில் பிள்ளையைத் தொங்கவிட்ட திண்ணை அது. தாழ்த்தப்பட்ட சாதிப் பிள்ளை அதில் ஏற முடியாது, பெண் பிள்ளைகள் மிக அரிது. ஒரே அறையில் எல்லாரும் படித்தார்கள் என்று சொல்லும்போது அந்த ‘எல்லாரும்’ யார் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். ரங் பள்ளியில் அந்த வரிசையின் பையன்களும் பெண்களும் ஒன்றாக இருந்தார்கள். அந்த ஒரு விஷயத்தில் அது மேலானது.

பெல்லின் முறையும், ஏறக்குறைய அதே காலத்தில் இலண்டனில் ஜோசப் லங்காஸ்டர் நடத்திய அதே வகை முறையும் கடல் கடந்தன. 1820 அளவில் நியூ பிரன்சுவிக்கில் ‘மெட்ராஸ் பள்ளி’ என்ற பெயரிலேயே ஒரு சபை அமைத்துப் பள்ளிகள் நடத்தினார்கள். அட்லாண்டிக் கரையோரத்துப் பிள்ளைகள் நம்முடைய சென்னையின் பெயர் தாங்கிய பள்ளிக்குப் போனார்கள், பாரும். மொன்றியலில் 1822இல் பிரிட்டிஷ் அன்ட் கனேடியன் பள்ளி தொடங்கியது. 1826இல் அதற்குக் கட்டடம் எழுந்தது. நோட்ர-டாம் தேவாலயத்தை வடிவமைத்த ஜேம்ஸ் ஓடொன்னலே இதையும் வடிவமைத்தார். சைனாடவுனில் கோத்தே வீதி மூலையில் அந்தக் கட்டடம் இன்னும் நிற்கிறது. விங் நூடில்ஸ் நிறுவனம் பல பத்தாண்டுகள் இயங்கிய கட்டடம் அது. அடுத்தமுறை அந்தப் பக்கம் போனால் நின்று பாரும். லங்காஸ்டர் தாமே 1829இல் மொன்றியலுக்கு வந்து சில ஆண்டுகள் பள்ளி நடத்திப் பார்த்தார்.

சரி, அரசுகளுக்கும் தருமவான்களுக்கும் இந்த முறை ஏன் இவ்வளவு பிடித்தது? மலிவு. ஓர் ஆசிரியரின் சம்பளத்தில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளைப் படிப்பிக்கலாம் என்று லங்காஸ்டர் பெருமையோடு கணக்குக் காட்டினார். பிள்ளை பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பது நல்லது. அது நல்லது என்பதற்காக அல்லாமல் மலிவு என்பதற்காக எடுத்துக்கொண்டபோதுதான் கோளாறு தொடங்கியது. ஒற்றை அறைப் பள்ளியின் வரலாற்றை எங்கே தொட்டாலும், அதை மலிவாக வைத்திருந்தது ஆசிரியரின் வயிறுதான் என்று எனக்குப் படுகிறது.

சென்னை மாகாணக் கவர்னர் தோமஸ் மன்றோ 1822இல் ஒரு கணக்கெடுப்புக்கு உத்தரவிட்டார். 12,498 பள்ளிகள், ஏறத்தாழ ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளி என்று கணக்கு வந்தது. 1826இல் அதைப் பற்றி எழுதும்போது, ஆசிரியர்களுக்குப் பொதுவாக மாதம் ஆறேழு ரூபாய்க்கு மேல் கிடைப்பதில்லை, தகுதியுள்ளவர்களை இந்தத் தொழிலுக்கு இழுக்க அது போதாது என்று குறித்தார். பள்ளிகளின் எண்ணிக்கையை எடுத்துப் பேசுகிறவர்கள் இந்த வரியை விட்டுவிடுகிறார்கள்.

இங்கே கியூபெக்கிலும் அதே கதை. மொன்றியலின் முதல் ஆசிரியை மார்கரித் பூர்ஷுவா 1653இல் வந்தபோது பள்ளி வயதுப் பிள்ளைகளே ஊரில் இல்லை. 1658 ஏப்ரல் 30இல், ஊர்த் தலைவர் மெசோன்னெவ் கொடுத்த ஒரு கல் தொழுவத்தில் வகுப்பைத் தொடங்கினார். கர்க்லாண்டுப் பிள்ளைகள் போகும் பிரெஞ்சுப் பள்ளிகளின் நிர்வாகத்துக்கு அவர் பெயர்தான். உம்முடைய மருமகனின் பள்ளிக் கடிதங்களிலும் பார்த்திருப்பீர். தொழுவத்தில் தொடங்கியதை எல்லாரும் புகழ்கிறார்கள். ஆனால் ஊர்ப்பள்ளிகளுக்கு அரசுப் பணம் ஒழுங்காக வர 1829வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டுச் சட்டம் ஊரார் தெரிவு செய்த சிலரைப் பொறுப்பாளராக்கி, கட்டடச் செலவில் பாதியையும் ஆசிரியருக்கு ஆண்டுக்கு 20 பவுணையும் கொடுத்தது. சில ஆண்டுகளிலேயே பள்ளிகள் ஆயிரத்தைத் தாண்டின. 1836இல் மேலவை அந்தச் சட்டத்தைப் புதுப்பிக்க மறுத்தது, பணம் நின்றது, பள்ளிகள் மூடின.

1841இலும் 1846இலும் புதுச் சட்டங்கள் வந்தன. 1846இன் சட்டம் நிலத்துக்கும் வீட்டுக்கும் பள்ளி வரி கட்டாயம் என்றது. ஊர்கள் கொதித்தன. வரி அறவிட வந்தவர்களை மிரட்டினார்கள், சில இடங்களில் பள்ளிகளையே கொளுத்தினார்கள். விளக்கணைப்பவர்களின் போர் என்று வரலாற்றில் அதற்குப் பெயர். அந்தக் குடியானவர்களை அறிவுக்கு எதிரிகள் என்று நான் திட்டமாட்டேன். காசு காணாத பண்ணைக்கு வரி பெரிய சுமை. ஆனால் வரி நிலைத்த பிறகும் அதைக் குறைவாக வைத்திருப்பதே பள்ளிச் சபையின் சாதனையாகக் கருதப்பட்டது. சபை குறைக்கக்கூடிய செலவு ஒன்றே ஒன்று, சம்பளம். ஆண் ஆசிரியரைவிடப் பெண்ணுக்குக் குறைவாகக் கொடுக்கலாம். அதனால் பதினாறு, பதினேழு வயதுப் பெண்கள் ரங் பள்ளிகளுக்கு வந்தார்கள். அடுப்பு மூட்டி, அறை கூட்டி, ஏழு வகுப்பும் படிப்பித்து, பங்குத் தந்தையும் பள்ளி இன்ஸ்பெக்டரும் வரும்போது பிள்ளைகளை ஒப்புவிக்கச் செய்து, கலியாணம் முடித்ததும் வேலையை விட்டுப் போனார்கள். எமிலி போர்தலோ என்ற ரங் ஆசிரியையின் கதையை ‘லே ஃபீய் த காலெப்’ என்று 1990இல் தொலைக்காட்சித் தொடராகக் காட்டியபோது கியூபெக்கே உட்கார்ந்து பார்த்தது. உம்முடைய பக்கத்து வீட்டுப் பிரெஞ்சுக்காரப் பாட்டியிடம் அந்தப் பெயரைச் சொல்லிப் பாரும், பேச்சை நிறுத்தமாட்டா.

அந்த ஆசிரியைகளுக்குள் லோர் கொத்ரோ என்ற ஒருவரைப் பற்றி நம்முடைய பெண் பிள்ளைகள் எல்லாரும் தெரிந்திருக்க வேண்டும் என்பது என் ஆசை. 1889இல் லா மல்பே பக்கத்தில் பிறந்தவர். பதினாறாவது வயதில் படிப்பிக்கத் தொடங்கினார், ஆண்டுச் சம்பளம் 125 டொலர். மாதத்துக்கு அல்ல, ஆண்டுக்கு. முப்பது ஆண்டுகள் கழித்தும் நாட்டுப்புற ஆசிரியைக்குக் குறைந்தபட்சம் 250 டொலர்தான். அதை 300 ஆக்குவதாக ஒரு வாக்குறுதி இருந்தது. 1936இல் ஆட்சிக்கு வந்த துய்ப்பிளெசி அரசு அதைக் கைவிட்டது. அந்த ஆண்டு நவம்பர் 2ஆம் தேதி லோர் கொத்ரோ தன் பகுதி ஆசிரியைகளைக் கூட்டி நாட்டுப்புற ஆசிரியைகளின் சங்கத்தைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே அது கூட்டமைப்பாகியது. மாகாணம் முழுக்கப் பயணம் செய்து, ரங் ரங்காகத் தனித்துக் கிடந்த பெண்களைச் சேர்த்தார். இன்று கியூபெக்கின் பெரும்பாலான பிரெஞ்சுப் பள்ளி ஆசிரியர்களைக் கொண்ட தொழிற்சங்கத்தின் வேர் அதுதான். 1961இல், எழுபது வயது கடந்த பிறகு, ஓய்வுபெற்ற ஆசிரியர்களுக்கும் ஒரு சங்கம் அமைத்தார். 1975இல் காலமானார்.

இப்போது கிளேர் கர்க்லாண்ட்-கஸ்கிரானை நினைவுக்குக் கொண்டுவாரும். மணமான பெண் கணவனின் கையெழுத்தில்லாமல் ஒப்பந்தம் செய்யவும் தன் விவகாரங்களை நடத்தவும் முடியாத நிலையை மாற்றிய 1964ஆம் ஆண்டுச் சட்டம் அவர் கொண்டுவந்தது. அதற்குள் ரங் பள்ளிகள் பெரும்பாலும் மூடப்பட்டுவிட்டன. அந்த உரிமை கைக்கு வந்தபோது, ஓர் அறைப் பள்ளியில் இருந்து அதைப் பயன்படுத்த அந்தப் பெண்களுக்குப் பள்ளியே மிஞ்சவில்லை.

மூடப்பட்டதற்கு முக்கிய காரணம் வீதியும் வாகனமும். பள்ளிகளை ஒன்றாக்கும் யோசனையின் பெரிய புரவலர் ஒருவர் நமக்கு அயலவர்தான். புகையிலை வியாபாரத்தில் பெரும் பணம் சேர்த்த வில்லியம் மக்டொனால்ட், சின்னப் பள்ளிகளை மூடிப் பிள்ளைகளை வண்டியில் ஏற்றி ஒரே பெரிய பள்ளிக்குக் கொண்டுவரும் திட்டத்துக்கு 1903 முதல் கிழக்கு மாகாணங்களில் பணம் கொடுத்தார். சாந்த்-ஆன்-த-பெல்வியூவில் அவர் பணத்தில் எழுந்த மக்டொனால்ட் கல்லூரி 1907இல் திறந்தது. நாட்டுப்புற ஆங்கிலப் பள்ளிகளுக்கு ஆசிரியைகள் அங்கே பயிற்சி பெற்றார்கள். இங்கிருந்து காரில் சிறிது நேரம்தான், ஜோன் அபொட் கல்லூரி இருக்கிற அந்தச் செங்கல் கட்டடங்கள்தான். பிரெஞ்சுக் கத்தோலிக்க ரங்குகளுக்கு மாற்றம் மெதுவாக வந்தது. 1943இல் ஆறு முதல் பதினான்கு வயதுவரை கட்டாயக் கல்வி வந்தது. பனிக்காலத்தில் நாட்டுப்புற வீதிகளைத் துப்புரவாக்கத் தொடங்கியதும் பள்ளி பஸ் ஓடியது. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் ரங் பள்ளிகள் ஒவ்வொன்றாக விலைக்குப் போயின. பல இன்று குடியிருப்பு வீடுகள்.

சரி, உம்முடைய வகுப்பு. சனிக்கிழமை தமிழ் வகுப்பும் ஒற்றை அறைப் பள்ளிதான், அதனால் அந்த ஆசிரியைகளிடம் எடுக்க வேண்டியதை எடும். பிள்ளைகளை வயதால் பிரிக்காமல், எழுத்துத் தெரியாதவர், கூட்டி வாசிப்பவர், சரளமாக வாசிப்பவர் என்று மூன்று கூட்டமாகப் பிரியும். ஒரு கூட்டம் உம்மோடு இருக்கும்போது மற்ற இரண்டுக்கும் எழுத்து வேலை கையில் இருக்க வேண்டும். அதை வெள்ளி இரவே தயார் செய்துவிடும். அந்தப் பதின்மூன்று வயதுப் பெடியனைச் சட்டாம்பிள்ளையாக்கும், ஆனால் பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். அவனும் படிக்க வந்தவன்தான். மேசையை வாசல் பக்கம் போடாமல், எல்லா முகமும் தெரிகிற இடத்தில் போடும்.

சம்மதம் சொல்ல முன்னர், உம்மைக் கேட்ட சங்கத்தாரிடம் இந்த மூன்றையும் கேளும்: போக்குவரத்துச் செலவு யார் தருவது, படியெடுக்கிற காசு யார் தருவது, உமக்குச் சுகமில்லாத சனிக்கிழமைக்கு மாற்று ஆள் யார். தொண்டு என்பதால் கேட்கக் கூச்சப்படாதையும். சொல்வதை எழுத்தில் தரச் சொல்லும். தந்தால் நானும் முதல் மாதம் வந்து சின்னவர்களைப் பார்த்துக்கொள்கிறேன்.